கல்யாண் வாசல் பக்கத்தில் தொங்கிய கயிறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். இடம் புனே. நாங்கள் குடியிருப்பது கட்கி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வளாகம். சொந்த ஊர் ஈரோடு பக்கம். எனக்கு வேலை தளேகாவில் ஒரு தொழிற்சாலையில். எந்த மெஷினில் எந்த நாள் என்ன ஓட வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஒரே ஒரு நாள் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டு எப்படி மூக்குடைபட்டேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனேதான். தமிழ் முழுக்கப் புரியும், ஆனால் பேசும்போது தேடித் தேடித்தான் வார்த்தை வரும். மராத்தி என்றால் வாய் மூடாது. அந்த மராத்தியை அவள் கொட்டித் தீர்ப்பது எதிர்வீட்டுக்காரரிடம். காகா என்று கூப்பிடுவாள். மராத்தியில் சித்தப்பா என்று அர்த்தம். புனேயின் கேம்ப் பகுதியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை அவருக்கு. ஐந்தரை ஆனால் வீட்டில் இருப்பார். அவர் மகன் வெளியூர் ஹாஸ்டலில் படித்ததால், சாயங்காலம் ஆனால் வளாகத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் பின்னால்தான்.

நான் லோக்கல் ரயிலைப் பிடித்து வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். அதற்குள் பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் புடவை நன்றாக இருந்தது, எல்லாக் கதையும் எதிர்வீட்டில் அரங்கேறி முடிந்திருக்கும். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே ‘ஸ்கூல் எப்படிடா கண்ணு இருந்துச்சு?’ என்று கேட்டால், ‘நல்லா இருந்துச்சு’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும். மறைத்துப் பேச என்ன இருக்கிறது, பொறாமைதான். அந்த மனிதரிடம் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நானும் தேடித் தேடிப் பார்த்தேன். குறட்டை விடுவாரோ என்னவோ, அதுகூடச் சுவர் தாண்டிக் கேட்கவில்லை.

புனேயில் தீபாவளி என்றால் பிள்ளைகள் கோட்டை கட்டுவார்கள். தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. செங்கல்லும் கல்லும் குவித்து, மேலே சேறு தோய்த்த சாக்கைப் போர்த்தி, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மலை செய்வார்கள். அதன்மேல் கோட்டை. உச்சியில் மகாராஜ் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். இங்கே மகாராஜ் என்று சொன்னால் மராட்டியப் பேரரசை நிறுவிய அந்த ஒருவர்தான், பெயர் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் களிமண்ணில் செய்த குட்டிக் குட்டி வீரர்கள். மலைச் சரிவு பச்சையாகத் தெரிய வேண்டும் என்று கடுகு விதைத்து முளைக்க வைப்பார்கள். எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருந்த கடுகெல்லாம் அந்த வருடம் அந்த மலைக்குத்தான் போனது. மூன்று நாள் தாளிக்காத சாம்பார் சாப்பிட்டேன்.

அந்த வருடம் சிம்ஹகட் கோட்டையைக் கட்டுவது என்று காகாவின் தலைமையில் முடிவாகியிருந்தது. புனேக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கோட்டை அது. மகாராஜின் தளபதி ஒருவர் இருட்டில், யாரும் ஏற முடியாத செங்குத்துப் பாறையில் கயிறு போட்டுத் தன் ஆட்களோடு ஏறி, கோட்டையைப் பிடித்து, அங்கேயே உயிரையும் விட்டார் என்பது கதை. அந்தக் கதையைக் காகா பிள்ளைகளுக்குத் தவணை முறையில் சொல்லிக்கொண்டிருந்தார். கயிறு போட்டு ஏறிய இடம் எது என்று என் மகள் கேட்டதற்கு மட்டும், ‘அதை நேரில்தான் காட்டுவேன்’ என்று சொல்லி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். மேலே போய் பிட்லா பாக்ரி, அதாவது கடலைமாவுக் கூட்டும் சோள ரொட்டியும், சின்ன மண்சட்டியில் தயிரும் வாங்கித் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். என் மகள் தூக்கத்தில்கூட பிட்லா பாக்ரி என்று முனகினாள்.

வியாழக்கிழமை அவரே எங்கள் வீட்டுக்கு வந்து, குழந்தையை அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் வாருங்கள் என்று இந்தியில் கேட்டார். என் மகளுக்கு அந்தக் கோட்டையை அவர் காட்ட வேண்டும், நான் கூடப் போய் நிற்க வேண்டும்! என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. “நாங்களே சனிக்கிழமை போகிறோமே. முன்னாடியே முடிவு பண்ணிவிட்டோம்” என்றேன். அப்படி ஒரு முடிவு இந்த உலகத்திலேயே கிடையாது. என் மனைவி காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். “ரொம்ப நல்லது. ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க. லேட்டானா மேலே வண்டி நிறுத்த இடம் இருக்காது” என்று சொல்லிவிட்டுக் காபியை ரசித்துக் குடித்தார். திட்டம் போட்டே சம்பளம் வாங்குகிறவனுக்கு இவர் திட்டம் சொல்லித் தருகிறாரா என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது. ஆறு மணிக்கு மட்டும் கிளம்பவே கூடாது என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்.

மகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட லீவு கேட்கத் தயங்குகிற நான், சனிக்கிழமை லீவு போட்டேன். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, எட்டரைக்குக் கிளம்புவது, பத்து மணிக்குக் கோட்டை, பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்று வரிசையாக அடித்து மனைவியிடம் காட்டினேன். சாப்பாட்டுக்குப் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அவர் பிட்லா பாக்ரி என்றால் நம்மிடம் என்ன இல்லையா? மனைவி கட்டத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, சனிக்கிழமை ஒம்போதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலமுங்க. ஒம்போதுக்குள்ள படி எறங்கிரோணும், சொல்லிப்போட்டேன்” என்றாள். அதற்குத்தானே எட்டரை என்று போட்டிருக்கிறேன் என்று அலட்சியமாகச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை என்ன நடந்திருக்கும் என்று தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியவில்லை. வறுவல் இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பாக வேண்டும் என்று கேட்டவனும் நான்தான். தயிர்சாத டப்பாவுக்கு மூடி கிடைக்கவில்லை. மூடி கிடைத்தபோது மணி ஒன்பது தாண்டிவிட்டது. ஐந்து நிமிடம்தானே என்று நான் சாவியை எடுத்தேன். “சின்னப் புள்ளையக் கூட்டீட்டு மலைக்குப் போறமுங்க. நா வரமாட்டேன், புள்ளையும் வராது” என்று மனைவி உட்கார்ந்துவிட்டாள். தொப்பி, தண்ணீர் பாட்டில், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து ராகு காலம் முடியக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் மகள் எழுந்து, ‘நான் காகா வீட்ல இருக்கேன்’ என்று எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தரைக்குக் கிளம்பி, நகரத்து நெரிசலைத் தாண்டி, கடக்வாஸ்லா ஏரியைத் தாண்டி மலையடிவாரம் போனால், வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. மேலே இடமில்லை, மேலிருந்து வண்டி இறங்க இறங்கத்தான் கீழிருந்து விடுவோம் என்றார்கள். காகா சொன்னதேதான். புளிசாதத்தைக் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது, யாரும் பாராட்டவில்லை. மகள் பின்சீட்டில் தூங்கிப்போனாள். மனைவி காலி டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடிப் பைக்குள் அடுக்கினாள். பேசியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மகள் எழுந்ததும் புது ஆளாகிவிட்டாள். வரைவதற்கு ஒரு அட்டையும் பென்சிலும் கொண்டு வந்திருந்தாள். வாசலை வரைந்தாள், பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டியை வரைந்தாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் கேள்வி கேட்டாள். நானும் அங்கங்கே இருந்த பலகைகளைப் படித்துப் படித்து ஒப்பேற்றினேன். பிட்லா பாக்ரி கடையைத் தாண்டும்போது கையைப் பிடித்து இழுத்தாள். வயிறு நிறையப் புளிசாதம் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. “அப்பா, கயிறு போட்டு ஏறினாங்கள்ள, அந்த ஜாகா எங்கே?”

அந்த இடம் எனக்குத் தெரியாது. சுற்றிலும் ஆயிரம் பேர் இருந்தார்கள், யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவள் முன்னால் இன்னொருவரிடம் போய்க் கேட்க மனம் வரவில்லை. காகா யாரையும் கேட்க மாட்டாரே. நாங்கள் அப்போது கல்யாண் வாசல் என்கிற கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். இதைவிடச் செங்குத்தாக ஓரிடம் இருக்க முடியாது என்று எனக்கு உண்மையிலேயே தோன்றியது. “இங்கதான் கண்ணு” என்றேன். எப்படி வந்திருப்பார்கள், எங்கே கயிறு கட்டியிருப்பார்கள் என்று தொழிற்சாலையில் திட்டம் விளக்குகிற மாதிரி விளக்கினேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். மளமளவென்று வரைந்தாள். வாசல், பள்ளம், தொங்குகிற கயிறு. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏக்தம் பாரி, அப்பா” என்றாள். பிரமாதம் என்று அர்த்தம். அதுவரை அந்தச் சொல்லை அவள் காகாவுக்கு மட்டும்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இறங்கும்போது காரில் நான் பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் காகா எங்கள் வீட்டு மணியை அடித்தார். குழந்தை மறுபடியும் வர ஆசைப்படுமோ என்று கேட்டுப் போக வந்திருந்தார். நான் அதை எதிர்பார்த்தே விழித்துக் கிடந்தேன். ‘அவள் எல்லாம் பார்த்துவிட்டாள், தூங்குகிறாள்’ என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கீழே நின்ற பிள்ளைகளோடு போய்விட்டார். அன்றைய காபி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து நான் வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டேன். கீழே கோட்டை வளர்ந்துகொண்டிருந்தது. வீடு திரும்பும்போது பிள்ளைகள் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பது கேட்கும், நான் நிற்காமல் மாடி ஏறிவிடுவேன். தொழிற்சாலைக்குத் தீபாவளி விடுமுறை விட்ட அன்று சாயங்காலம்தான் மனைவியோடு கீழே இறங்கிப் பார்த்தேன். அசந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கடுகு பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது. உச்சியில் மகாராஜ். கீழே கல்யாண் வாசல், அதை ஒட்டினாற்போல் பாறை, பாறையில் சணல் கயிறு, கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நாலைந்து களிமண் வீரர்கள். நான் சொன்னபடியே! மனைவியின் கையை இடித்து, “பாத்தியா, நான் காட்டின எடம்” என்றேன். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி தமிழில் சொன்னேன், யாருக்கும் புரியாது என்பதுதான் வருத்தம்.

கோட்டை கட்டி முடித்ததும் அக்கம்பக்கத்து வளாகங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். காவல் நிற்கிற வாசலுக்குப் பக்கத்திலேயே எந்த மடையனாவது கயிறு போட்டு ஏறுவானா என்று கேட்டார். ஏறியது கோட்டைக்கு அந்தப் பக்கம், மேற்கே. அங்கே ஏறி உள்ளே வந்தவர்கள்தான் இந்த வாசலைத் திறந்துவிட்டார்கள். வெளியே மற்ற வீரர்கள் இந்த வாசல் எப்போது திறக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். புனேயில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும், இதைக் கட்டியது யார் என்று கேட்டார்.

பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. என் மகள் எங்கே என்று தேடினேன். காகாவின் முதுகுக்குப் பின்னால், அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இவ்வளவு நடந்தும் எனக்கு முதலில் வலித்தது எது தெரியுமா? அப்பா இங்கே நிற்கும்போது அவர் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாளே என்பதுதான். பொறாமைக்கு நேரம் காலம் கிடையாது.

காகா தலையைச் சொறிந்தார். “நான்தான் வெச்சேன். வயசாகுது இல்லையா, பக்கம் மாறிப்போச்சு” என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார். வந்தவர் விடவில்லை. வருடா வருடம் அந்த மலை ஏறுகிற நீயா இப்படி, அடுத்த வருடம் மகாராஜைக் கொண்டுபோய் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார வைப்பாய் என்று கிண்டல் செய்தார். பிள்ளைகள் இன்னும் சிரித்தார்கள். அவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் என் மகளின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பித் தவறி என் பக்கம் திரும்பினால், தவறு யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்து ஒளிந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது.

என் மராத்தி கடைக்கும் ஆட்டோவுக்கும் போதுமான மராத்தி. அதை வைத்துக்கொண்டு, “காகா நாஹி. மீ. மீ சுக்லோ” என்றேன். அவர் இல்லை, நான்தான், நான்தான் தப்பாகச் சொன்னேன். குழந்தைக்கு அந்த இடத்தைக் காட்டியது நான் என்று இந்தியிலும் சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது. வந்தவர் சங்கடப்பட்டுப் போய், அதனாலென்ன, அதனாலென்ன என்று என் தோளைத் தட்டினார். காகாவுக்குத்தான் பிடிக்கவில்லை. இதை ஏன் வெளியில் சொன்னாய் என்பதுபோல் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார்.

மாடி ஏறும்போது மகளிடம், அப்பா சொன்னது தப்பு கண்ணு, எனக்கு அந்த இடம் தெரியாது என்றேன். “தெரியும்ப்பா. ஞாயித்துக்கிழமையே தெரியும். காகாகூடப் போன எல்லாரும் போட்டோ காட்டினாங்க” என்றாள். பிறகு ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டேன். அவள் வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள். “கயிறு எங்கே வெக்கலாம்னு காகா கேட்டார். அப்பா காட்டின எடத்துல வெக்கலாம்னு சொன்னேன். எல்லாரும் பாண்டண் பண்ணாங்க, சண்டை. காகா மட்டும் டீக் ஆஹே, சரின்னு சொல்லி, அவரே கயிறு கட்டினார்.” சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடிவிட்டாள். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

இத்தனை நாளும் என் மகள் அவர் பக்கம் போய்விட்டாள் என்று நான் வெந்துகொண்டிருந்தேனே, அவள் என்னை விட்டு எங்கேயும் போயிருக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டதால் என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் அவர் மேல் எனக்குப் பொறாமைதான், காரணம் மட்டும் வேறு. கயிறு கட்டிய அன்றைக்கு அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், அதைச் சரியான பக்கத்தில் கட்டிவிட்டு, ‘உங்க அப்பாவுக்கு என்ன தெரியும்?’ என்று அந்தக் குழந்தையிடம் ஒரு வார்த்தையாவது நிச்சயம் சொல்லியிருப்பேன்.